கடைசி வளைவு வரைக்கும்

போடிமெட்டிலிருந்து பஸ் இறங்கத் தொடங்கினால் என் கழுத்து தானாகத் திரும்பிவிடும். மலையை வேடிக்கை பார்க்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் பார்ப்பது மேலே பாறையை ஒட்டி இருக்கும் ஒரு மண்திட்டை. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அது மறையும், அடுத்த வளைவில் மறுபடி தெரியும். கடைசி வளைவைத் தாண்டினால் அவ்வளவுதான், தெரியாது. எழுபதுகளின் இறுதியில் ஒரு ஜப்பானியப் பெண் அந்தத் திட்டில் நின்றுதான் தன் புருஷனை வழியனுப்பினாள்.

அவர் என் தோழியின் அண்ணன். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஜப்பானில் ஏதோ ஒரு துறைமுக ஊரில் அவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்திருந்தார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தோழியின் அம்மா அவளைப் போடி வீட்டில் சேர்க்கவில்லை. மெட்டுக்குக் கீழே இருந்த ஏலத்தோட்டத்து வீட்டில் வைத்தார். "நான் வர்ற வரைக்கும் இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு அண்ணன் கப்பலுக்குப் போனார். எங்கோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவர் திரும்ப ஏறவில்லை என்று கப்பல்காரர்களிடமிருந்து தகவல் வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. செத்தாரா, வேறெங்காவது குடும்பம் வைத்துக்கொண்டாரா, கடவுளுக்கே வெளிச்சம். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

அடுத்த சித்திரையில் போடி வெயில் தாங்காமல் தோழியும் நானும், எதற்கெடுத்தாலும் சிரிக்கும் இன்னொருத்தியும் வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் இடித்துப்பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் மனைவி வாசலிலேயே இடுப்பு வரை குனிந்து எங்களை வரவேற்றாள். சிரிப்புக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதினி என்றுதான் மூவரும் கூப்பிட்டோம். எங்களைக் குளிரவிடக் கூடாது என்று ஏலத்தோல் போட்டு வெந்நீர் காய்ச்சிவைத்தாள். நாங்கள் மூவரும் குளித்து முடித்த பிறகுதான் மிச்சத் தண்ணீரில் அவள் குளித்தாள். டீ டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பாள். ஒருநாள் மலைமேல் சுற்றப் போனபோது, சோற்றை உருண்டையாகப் பிடித்து, நடுவில் நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டை வைத்து, வாழையிலையில் மடித்துத் தந்தாள். அவள் ஊரில் உப்பில் ஊறிய ஒரு பழத்தை வைப்பார்களாம். எங்கள் செருப்புகளை யாரும் பார்க்காத நேரத்தில் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பாள். கிளம்பும்போது அப்படியே கால் நுழைக்க வசதியாக இருக்கும் என்பது அவள் எண்ணம்.

கோடைக்குத் தோட்டத்திலேயே வந்து தங்கியிருந்த தோழியின் அம்மா அதையும் விட்டுவைக்கவில்லை. "வந்த பிள்ளைகள எப்படா போவீகன்னு செருப்பத் திருப்பி வைக்கிறாளே, இது எந்தூரு வழக்கம்?" என்றார். அவருடைய உண்மையான கோபம் வேறு. மகன் கிளம்பிய அன்று மதினி ஒரு வார்த்தை பேசாமல் திட்டில் போய் நின்று, ஜீப் கடைசி வளைவில் மறையும் வரை குனிந்து குனிந்து நிமிர்ந்தாளாம். அவள் ஊரில் விருந்தாளிக்கும் வேண்டியவர்களுக்கும் தரும் பெரிய மரியாதை அது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் பிரிவோம். "போய்ட்டு வாங்கன்னு வாயில ஒரு சொல்லு வரலையே! எழவு வீட்டுல மாதிரி என் மகன அனுப்பிட்டாளே!" என்று அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். கோடை முடிந்ததும் அவளை அவள் நாட்டுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவும் செய்திருந்தார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து மதினி உருக்குலைந்துபோனாள். எந்த ஜீப் உறுமினாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திட்டுக்கு ஓடினாள். ஒருநாள் அந்த அம்மாவின் முன்னால் மண்தரையில் நெற்றி பட விழுந்து, "அம்மா, அவர் இங்க வருவார். நான் இங்க இருக்கணும்" என்றாள். எழுந்திருக்கவே இல்லை. தோழி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எந்திரிக்கச் சொல்லுத்தா அவள," என்றார் அம்மா. அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. "இவ முகத்தப் பாக்கிறப்பல்லாம் அவன் போன அன்னைக்குத்தான் கண்ணு முன்னால வருது. என்னால முடியல."

எங்கள் வழக்கத்தை மதினி கற்றுக்கொண்டால் அந்த அம்மா மனம் இரங்குவார் என்று நாங்களாக ஒரு கணக்குப் போட்டோம். போகிறவர் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்ல வேண்டும், இருக்கிறவர் "போய்ட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். கிளம்பியவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் போகிற காரியம் நடக்காது. சிரிப்புக்காரிதான் வாத்தியார். வாசலில் போவதும் வருவதுமாக நடித்துக் காட்டினாள். மதினி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தாள். "திரும்பினால், அவர் வர மாட்டார்?" என்று கேட்டாள். "ஆமா மதினி, திரும்பவே கூடாது" என்றோம்.

எதுவும் பலிக்கவில்லை. மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிடத் தோழியின் தாய்மாமன் ஜீப்போடு வந்துவிட்டார். மதினி அந்த அம்மாவின் முன்னால் நின்று, "போய்ட்டு வர்றேன் அம்மா" என்றாள். ஒரு பிசிறில்லாத தமிழ். அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜீப் கிளம்பியதும் நாங்கள் மூவரும் திட்டுக்கு ஓடினோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் மூவரும் இடுப்பு வரை குனிந்தோம். சிரிப்புக்காரி தேம்பித் தேம்பி அழுதுகொண்டே குனிந்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஜீப் தெரிந்தது. மூடாத ஜீப். பின்சீட்டில் மதினியின் முதுகும் கொண்டையும் தெரிந்தன. ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், அவளுக்குத் தெரிந்த மரியாதையோடு நாங்கள் நிற்பது தெரியும். "மதினி!" என்று கத்த வாயெடுத்தேன். போகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாதென்று தோழி என் வாயைப் பொத்தினாள். கடைசி வளைவு வரைக்கும் மதினி திரும்பவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. திட்டில் புல் மண்டிக் கிடக்கிறது. பஸ் கடைசி வளைவுக்கு வரும்போது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே திரும்பிப் பார்க்கிறேன். எத்தனை முறை பார்த்திருப்பேன், என் காரியம் எதுவும் கெட்டுவிடவில்லை. திரும்பாமலே போனவள் மதினி. அண்ணன் கடைசிவரை வரவில்லை.