பழைய நேரத்துக்கு வந்தவர்கள்

எங்கள் சாஃபி ஊரில் யாராவது மணி சொன்னால், "பழசா, புதுசா?" என்று கேட்காமல் கிளம்ப மாட்டோம். கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்த கடிகாரத்தைக் குளிர்காலத்திலும் அப்படியே விட்டுவிட்டது அரசாங்கம். ரமலானில் மட்டும் பழைய நேரம் வரும். பெருநாள் முடிந்ததும் மறுபடி பறிபோகும். மின்சாரம் மிச்சமாம். விளக்கைப் போட்டுக்கொண்டுதான் காலையில் எழுந்து ரொட்டி சுடுகிறோம். எங்களுக்கு என்ன மிச்சமானது?

மஹ்ஜூபா வீட்டுச் சுவர்க்கடிகாரம் மட்டும் மாறவே இல்லை. "நான் தொட மாட்டேன். மாத்தினவன் வந்து மாத்தட்டும்" என்பாள். மத்தி மீன் டப்பா அடைக்கும் தொழிற்சாலையில் அவளும் நானும் ஒரே மேசை. மீன் தலையைக் கிள்ளுவதில் அவள் கை வேகம், வாய் அதைவிட வேகம். கழிப்பறையில் ஏன் இவ்வளவு நேரம் என்று மேஸ்திரி ஒருமுறை அதட்டினார். "பழைய நேரப்படி நான் இன்னும் உள்ளயே போகல" என்றாள். மேசையே சிரித்தது. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவளும் சிரிக்கவில்லை. அவள் மகள் வியாம் நடுநிலைப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். ஜனங்கள் கத்தியதும் பள்ளிக்கூடத்தை எட்டரைக்குத் தள்ளினார்கள். தொழிற்சாலைச் சங்கு மட்டும் ஏழுக்கே ஊதியது. வீட்டில் விட்டுப் போனால், பெண் கள்ளிக்காட்டு வழியே இருட்டில் தனியாக வர வேண்டும். கூட்டி வந்தால், எட்டரை வரை பூட்டிய பள்ளிக் கேட்டின் முன்னால் நிற்க வேண்டும். மஹ்ஜூபா கூட்டி வந்தாள். எங்கள் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளும் அப்படித்தான் நின்றன. ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் வியாமின் பையைப் பிடித்து இழுக்க, பை தோளில் மாட்டிக்கொள்ள, பிள்ளை ரோட்டில் உரசிக்கொண்டே போனாள்.

கடலிலிருந்து திரும்பிய அவள் அப்பா லர்பி, மகளின் சிராய்த்த முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "படிச்சது போதும். வீட்ல இருக்கட்டும்."

"படிப்ப நிறுத்தினா அவ எங்க போவான்னு தெரியும்ல? என் மேசைக்கு. என் பக்கத்துல நின்னு மீன் தலை கிள்ளுவா" என்றாள் மஹ்ஜூபா.

"உயிரோட கிள்ளட்டும். நான் கடல்ல கிடக்கும்போது அவளுக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

லர்பியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பயந்த மனிதன் வேறென்ன பேசுவான். இந்தப் பயத்தை எங்கள் வீடுகளுக்குள் கொண்டுவந்து போட்டவர்கள் மேல்தான் எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் இடைத்தேர்தல் வந்தது. ஹாஜ் மாத்தி என்று ஒரு வேட்பாளர். சுவரெல்லாம் அவர் படம். கோடை நேரத்தை ரத்துசெய்யும் மசோதாவை அவரே கொண்டுவரப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம், தேநீரும் பலகாரமும் உண்டு என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார்கள். பழைய நேரத்தை மீட்டுத் தருகிற மனிதர் பழைய நேரத்தைத்தானே சொல்வார்? தெரு முழுக்க அப்படித்தான் நினைத்தது. பழைய நாலு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹாஜின் முகம் வெந்துபோயிருந்தது.

"ஒரு மணி நேரமா காலி நாற்காலிங்களுக்குப் பேசிட்டிருக்கேன். உங்களுக்கெல்லாம் மரியாதையே கிடையாதா?"

மஹ்ஜூபா எழுந்தாள். "பழைய நேரத்த கொண்டு வர்றேன்னது நீங்கதான, ஹாஜ்? நாங்க அதுக்கே வந்துட்டோம்."

கூடாரம் அதிரச் சிரிப்பு. அவள் உட்காரவில்லை.

"நீங்க பகல் வெளிச்சத்துல, பந்தலுக்குக் கீழ, டீ குடிச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தீங்க. அதுக்கே இவ்ளோ கோவம். என் பொண்ணு தினமும் இருட்டுல அதைவிட அதிகமா நிக்கிறா. மசோதா வரும்போது வரட்டும். சங்கு ஊதுறப்போ பள்ளிக்கூட கேட்ட திறக்கச் சொல்லுங்க. அது போதும்."

ஹாஜ் கெட்டிக்காரர். எல்லார் முன்னாலும் கைபேசியை எடுத்துத் தலைமை ஆசிரியரிடம் பேசினார். கைதட்டல். மறுநாள் கேட் திறந்தது. பிள்ளைகள் வகுப்பறை வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமை ஓட்டுப் போட்டோம். ஹாஜ் ஜெயித்தார்.

திங்கட்கிழமை கேட் பூட்டியிருந்தது.

"தேர்தல் வரைக்கும்தான் திறக்கச் சொன்னாங்க, லல்லா. நான் என்ன பண்ணட்டும்?" என்று மரியாதையாக 'லல்லா' போட்டுச் சொன்னான் காவலாளி, கம்பிக்குப் பின்னாலிருந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹாஜ் வீட்டு வாசலில் ஒரு கூடை மீன் குடலைக் கொட்டலாம் என்றேன். மஹ்ஜூபா கேட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். லர்பி அன்று மாலை கரைக்கு வருகிறான், கேட் பூட்டியது தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவான் என்று எனக்கும் தெரியும்.

"குடலெல்லாம் வேண்டாம். புள்ளைங்கள கூட்டிட்டு வாங்க" என்றாள்.

சங்கு ஊதிக்கொண்டிருந்தது. நாங்கள் எதிர்த்திசையில் மேட்டுத் தெருவுக்கு நடந்தோம். முன்னால் பெண்கள், பின்னால் பைகளோடு பிள்ளைகள். ஹாஜ் வீட்டு மணியை மஹ்ஜூபா அழுத்தினாள், விரலை எடுக்கவில்லை. அவர் மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"இப்ப மணி என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அதக் கேக்கத்தான் லல்லா நாங்களும் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே மஹ்ஜூபா உள்ளே நுழைந்துவிட்டாள். பின்னாலேயே பிள்ளைகள். சேறு அப்பிய காலணிகளோடு கூடத்தைச் சுற்றிப் போட்டிருந்த நீள மெத்தைகளில் வரிசையாக உட்கார்ந்தன. வியாம் சரவிளக்கின் கீழே நல்ல இடமாகப் பார்த்துப் புத்தகத்தைத் திறந்தாள்.

ஹாஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு மாடிப்படியில் வந்தார். "என்ன அநியாயம் இது? விடியக்கூட இல்லையே, லல்லா."

"ஆமா, ஹாஜ். விடியல" என்றாள் மஹ்ஜூபா. "உங்களுக்கும் தெரியட்டும்னுதான். எட்டரை வரைக்கும் புள்ளைங்க இங்க படிக்கட்டும். நாளைக்கும் வரும். நாளன்னைக்கும் வரும்."

அன்று எங்கள் எல்லோருக்கும் சம்பளம் வெட்டினார்கள். மறுநாள் கேட் திறந்திருந்தது, அதன்பிறகு பூட்டவில்லை. மசோதா எந்த மேசையில் தூங்குகிறதோ, ஹாஜுக்கே தெரியாது. எங்கள் மேசையில் வியாமுக்கு இன்னும் இடம் போடவில்லை.