எடைமேடையில் நின்ற வண்டி

அறையில் நான். மேடைமேல் நின்ற லாரியில் டிரைவர். அதற்குப் பின்னால் நின்ற லாரியில் இன்னொரு டிரைவர். போனில் கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி. வேறு யாரும் இல்லை.

துறைமுக ரோட்டில் எடை போடுவது என் வேலை. முதல் லாரியில் உப்புக் கண்டெய்னர். ஐந்து மணிக்குள் துறைமுகக் கேட்டில் எடைச்சீட்டைக் காட்டாவிட்டால் கப்பலில் ஏறாது. அடுத்த கப்பல் வரும்வரை டிரைவர் வண்டியோடு ரோட்டில் கிடக்க வேண்டும். மறுநாள் அவர் மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்கும் நாள்.

காலையில் காலி வண்டியை அவர் உட்கார்ந்திருக்கும்போதே எடை போட்டேன். இப்போதும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இறங்கினால் கணக்கு உதைக்கும்.

சீட்டு அடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்து தானாக எழுந்தது. மறுபடி போட்டேன். மறுபடி அணைந்தது. பிளக்கை மாற்றினேன். ஃபேனில் தூசி தட்டினேன். ஒரு தடவை உடனே போனது, ஒரு தடவை கொஞ்சம் தாக்குப்பிடித்துப் போனது.

"என்னண்ணே, செத்துப்போச்சா?" டிரைவர் கேட்டார்.

"சாகலலே. செத்துச் செத்துப் பொழைக்குது."

பின்னால் இருந்தவர் ஹாரனை அழுத்தினார். "ஏலே, மேடையிலயே குடியேறிட்டியா? பால் காய்ச்சியாச்சா?"

முன்னால் போனால் சீட்டில்லாமல் கேட் திறக்காது. பின்னால் போக அவர் வண்டி விடாது.

கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"வேம்பார் பஸ்ஸுல இருக்கேன்வே. உள்ள ரெண்டு மெமரி பட்டை இருக்கும். ஒண்ணைக் கழத்திட்டு ஒத்தையில ஓட்டிப் பாரும்."

ஒன்றில் ஓடியது. பிறகு அணைந்தது. அதை எடுத்துவிட்டு மற்றதை அதே இடத்தில் செருகினேன். திரையே வரவில்லை. பீப் சத்தம் மட்டும்.

"அதோட ஓரத்துத் தகட்டுப் பல்லு கறுத்திருக்கா பாரும்."

கறுத்திருந்தது. இங்கே உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது.

"பென்சில் ரப்பரை வச்சுத் தேயும். எச்சி கிச்சி தொடாதேயும்."

தேய்த்தேன். பல் மஞ்சளானது. செருகினேன். திரை வந்தது.

வந்ததில் எனக்கு நம்பிக்கை இல்லை. வந்துவிட்டுப் போவதுதான் அதன் வழக்கம். ஓடி அணைந்த கெட்ட பட்டை மேசையில் கிடந்தது. மணி நாலே முக்கால். கேட் அறையிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது.

"அசையாதலே," என்றேன்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "மூச்சு விடலாமாண்ணே?"

"மெதுவா விடு."

பட்டனை அமுக்கினேன். பிரிண்டர் இழுத்தது. கிழித்து ஜன்னல் வழியே நீட்டுமுன் ஒரு தடவை படித்தேன்.

மொத்த எடை 40,260 கிலோ. கணக்கு உதைக்கவில்லை; சீட்டை நீட்டினேன்.