எட்டாம் எண்ணிக்கை

எட்டு எண்ணியதும் நான் மேலே வந்தேன். என் தங்கை வரவில்லை.

விசுவாசத்தில் உடன்பிறந்தோரே, இதைப் பல ஆண்டுகள் மறைத்தேன். இன்று சொல்கிறேன்.

உத்திரமேரூரை அடுத்த மானாம்பதியில், கூலிக் குடும்பத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ஏரியில் தலைகீழாய் நின்று, கால்களை மட்டும் நீருக்குமேல் நீட்டுவது எங்கள் விளையாட்டு. "இன்னாடி இது, ரெண்டு தவளையும் காலத் தூக்கிக்கினு கீது?" என்று நடவுப் பெண்கள் சிரிப்பார்கள். அவ்விளையாட்டே எங்களைச் சென்னையின் விளையாட்டு விடுதிக்குக் கொண்டுசென்றது. இசைக்கு இயைந்து இருவர் ஒருவராய் நீந்தும் ஒத்திசை நீச்சலில், தொண்ணூறுகளின் இறுதியில், நானும் தங்கை எஸ்தரும் இருமுறை தேசியப் பட்டம் வென்றோம்.

மூன்றாம் முறையும் எனக்கு வேண்டியிருந்தது. போட்டி, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் வந்தது. தங்கம் கிடைக்கும்வரை பகலில் உண்பதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை என்று பொருத்தனை செய்தேன், எஸ்தரையும் செய்யவைத்தேன்.

"எக்கா, தல சுத்துதுக்கா."

"ஜெபம் பண்ணிக்கினே நீந்துடி, சரியாப்பூடும்."

பெரிய வெள்ளிக்கு முந்தைய செவ்வாய் மாலை போட்டி. நீருக்கடியில் எட்டு எண்ணி இருவரும் ஒரே நொடியில் எழ வேண்டும். எழும்போது நடுவர்களை நோக்கிப் புன்னகைக்க வேண்டும். ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தல் கூடாது. நான் எழுந்தேன். புன்னகைத்தேன். பிந்திவிட்டாளே என்று அவள்மேல் சினமும் கொண்டேன். கரையிலிருந்தோர் கூச்சலிட்ட பிறகே கீழே பார்த்தேன். எஸ்தர் நினைவிழந்து குளத்தின் அடியில் கிடந்தாள்.

அந்தப் புன்னகையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"பக்கத்துலதான இருந்த? ஒரு தபா திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா?" மருத்துவமனையில் அம்மா கேட்டது இவ்வளவே. மருத்துவர்கள் நம்பிக்கை தரவில்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறும் வந்து போயிற்று, எஸ்தர் அசையவில்லை. பட்டத்துக்காக நாள்தோறும் மன்றாடிய என் நாவில், தங்கைக்காக ஒரு சொல்லும் எழவில்லை.

அதற்கடுத்த வியாழனன்று, அவள் கட்டிலருகே ஒரு கரண்டியை எடுத்தேன். பயிற்சியின்போது எங்கள் ஆசிரியை குளத்தின் இரும்பு ஏணியில் தட்டுவார்; நீருக்கடியில் அவ்வோசையே எங்களுக்கு எண்ணிக்கை. கட்டில் கம்பியில் ஒன்று முதல் எட்டுவரை தட்டினேன். மறுபடியும் தட்டினேன். 'கர்த்தாவே, பட்டம் வேண்டாம். இவளை எழுப்பித் தாரும்' என்பதே அதன் பொருள்.

"இன்னாம்மா சத்தம்? வார்டா, சந்தையா?" என்று செவிலி அதட்டினார். நிறுத்தவில்லை. எத்தனையாவது முறையோ அறியேன். ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் எஸ்தரின் கட்டைவிரல் அசைந்தது.

மறுநாள் கண் திறந்தாள். பேச்சு வர மேலும் பல நாட்களாயின. நாக்குழற அவள் முதலில் கேட்டது இது: "எக்கா... லேட்டாய்ட்டனா?"

"இல்லடி கண்ணு. நாந்தான் அவசரப்பட்டு வந்துட்டேன்."

அவளது வலக்கை இன்றும் வழங்கவில்லை, நடை தள்ளாடுகிறது. நாங்கள் மீண்டும் நீந்தவில்லை. ஆயினும் நன்றி சொல்கிறேன். பேரம் பேசிய என்னையும் தேவன் தள்ளிவிடவில்லை. சொல்லற்ற தட்டலையும் கேட்டார். ஜெபிக்கச் சொல் வராமல் இதை வாசிப்பவர் யாரேனும் இருந்தால், கையில் இருப்பதைக் கொண்டு தட்டுங்கள். அவர் கேட்பார்.

ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாடலுக்குச் சபை எழும்போது, எஸ்தர் எழச் சற்று நேரமாகும். நான் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். காத்திருந்து, அவளோடு எழுகிறேன்.