ஒரு மூக்கும் இரண்டு தட்டு அப்பளமும்

சமையலறைக்குள் சட்டி மூடி ஒன்று தரையில் விழுந்து, உருண்டு, சுழன்று, நெடுநேரம் கழித்து அடங்கியது. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மீரா சாகிபு தலையைத் தூக்கவில்லை. மூடி விழுவது அந்த வீட்டில் புதிதல்ல. அதற்குப் பிறகு வந்த மௌனம்தான் புதிது.

அவர் மனைவி மஜீதா கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"கறி அடிப்பிடிச்சு கரியாப் போயிருக்கு. நான் பின்னால துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, 'மஜீதா, உன் அடுப்புல என்னமோ தீயுது'ன்னு சொல்றாங்க. நீங்க பத்தடி தள்ளி உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க."

"பந்து விளையாட்டு பக்கம் படிச்சேன். கவனம் அதுல போயிருச்சு."

"உங்களுக்கா வாசனை தெரியல?"

முப்பத்து நான்கு வருட இல்லறத்தில் மஜீதா அவரிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறாள். இதைப் போல ஒன்று அவர் நெஞ்சில் போய்க் குத்தியதில்லை.

"கண்ண மூடுங்க," என்றாள். அவர் மூடினார். எதையோ எடுத்து வந்து மூக்குக்கு நேரே பிடித்தாள். "என்ன வாசனை?"

மீரா சாகிபு ஆழமாக இழுத்தார். யோசித்தார். "மல்லித்தூள். நல்ல சரக்கு."

கண்ணைத் திறந்தபோது மஜீதாவின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய நேற்றைய காலுறை.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள். அவள் குரல் தழுதழுத்தது.

"மூணு வாரம். அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம். வந்துரும்னு நெனச்சேன்."

மற்ற மனிதருக்கு மூக்கு முகத்தில் ஓர் உறுப்பு. மீரா சாகிபுக்கு அதுதான் முகம். குளுவாங் சந்தைக்குப் பின்னால், காயல்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த அவர் வாப்பா வைத்த மளிகைக் கடை இருக்கிறது. கருவாடும் உண்டு. கடையைவிட அவர் மூக்குக்குத்தான் பேர். மூட்டையைப் பிரிக்காமலே மிளகாய் எந்த மாதத்துச் சரக்கு என்று சொல்வார். ஒரு வருடம் வெள்ளம் வந்து கடைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகும் ஆறு மாதம் அந்த நாற்றத்தோடு போராடினார். காய்ந்து போன தண்ணீருக்கும் ஒரு வாசனை உண்டு என்பதை அப்போது கற்றுக்கொண்டார்.

மறுவருடம் அவர் மைத்துனர் பழைய டொயோட்டா ஒன்றை வாங்கப் போனபோது துணைக்குப் போன மீரா சாகிபு, கதவைத் திறந்ததும், "என் கடை மாதிரியே மணக்குது. வேணாம்," என்றார். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சேறு. அன்றிலிருந்து லாயாங் லாயாங் முதல் பெக்கோக் வரைக்கும் எந்த ஊரில் யார் பழைய காரை, அவர்கள் பேச்சில் காடியை, வாங்கினாலும் இஞ்சினைப் பார்க்க ஃபோர்மேன் தங்கராஜு, தண்ணீரைப் பார்க்க மீரா சாகிபு என்றாகிவிட்டது. கூலி வாங்கமாட்டார். ஒரு டீயும், அண்ணன் முறை வைத்து ஊரார் சொல்லும் 'நானாவோட மூக்கு மூக்குதான்' என்ற ஒரு வார்த்தையும் போதும்.

அந்த மூக்குதான் போய்விட்டது. மூன்று வாரமாக அவர் கடையில் மூட்டைக்குள் குனிந்து முகர்ந்து, ஓரக்கண்ணால் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து, அதில் தெரிந்ததையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாலை கடையைச் சாத்திவிட்டு, பெருங்காய டின்னைத் திறந்து தலையை உள்ளே விட்டார். ஒன்றுமில்லை. கண்தான் கலங்கியது.

"இன்னைக்கு சோமசேகரம் சார் வாங்கப் போற காடியக் கொண்டு வர்றாரு," என்றாள் மஜீதா. "அவர்கிட்ட உண்மையச் சொல்லிருங்க."

"சொன்னா நாளைக்கு பாசார் முழுக்கத் தெரியும். அப்புறம் நான் யாரு? கருவாடு விக்கிறவன்."

"இப்பவும் கருவாடுதானே விக்கிறீங்க."

"அவர் வாழ்நாள் சேமிப்ப எடுத்து வச்சிருக்காரு மஜீதா. நான் முடியாதுன்னு சொன்னா, பார்க்காமலே வாங்கிருவாரு. ஆசை அப்படி."

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மஜீதா டீத்தட்டோடு காடியின் அருகில் வந்து நிற்பது. ஈர நாற்றம் இருந்தால் 'டீ ஆறுது' என்று சொல்வது. கணவனுக்காகத் தன் கிட்னியைக்கூடக் கொடுக்கத் தயாராக இருந்த பெண், அன்று மூக்கைக் கொடுத்தாள்.

"கறி?" என்று கேட்டார்.

"மேலாப்புல எடுத்து வேற சட்டியில மாத்தி, உருளைக்கிழங்கு போட்டிருக்கேன். இனி ஒரு வாசனையும் வராது."

பகல் பதினொன்றரைக்கு வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. முன்னால் வந்தது வெள்ளி நிற மெர்சிடிஸ், பத்து வயது. ஓட்டி வந்தவன் சுகுமாறன், ஜொகூர் பாருவில், சுருக்கமாக ஜேபியில், பழைய கார் தரகன். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு. பின்னால் தன் இருபது வயது சாகா காரில் வந்தவர் சோமசேகரம். வடிகால் இலாகாவில் முப்பத்தொரு வருடம் ஆற்று மட்டம் அளந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் ஜீப்பிலும் சேற்றிலும் கழிந்தது. அடுத்த மாதம் பழைய சகாக்களின் விருந்து. அதற்கு ஒரே ஒரு முறை பென்ஸில் போய் இறங்க வேண்டும். அந்த மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டது வாழ்க்கையில் அவ்வளவுதான்.

"என்ன சாகிபு, உம்ம மூக்குக்கு இன்னைக்கு பென்ஸ் விருந்து," என்றார் சோமசேகரம். "இஞ்சின் நல்லாருக்குன்னு தங்கராஜு சொல்லிட்டான். நீரும் சரின்னு சொன்னா முடிச்சிடலாம்."

சுகுமாறன் கதவைத் திறந்து பிடித்தான். "வாங்க நானா. உங்களப் பத்தி ஜேபி வரைக்கும் பேசுறாங்க லா."

மீரா சாகிபு உள்ளே அமர்ந்து கண்ணை மூடினார். இமாம் தொழுகைக்கு நிற்பது போல எல்லோரும் அமைதியானார்கள். அவர் இழுத்தார். மறுபடி இழுத்தார். கொட்டாவி விட்டது போலக் காற்று வந்து போனது. பின்கண்ணாடி ஓரம், மணத்துக்கு வைக்கும் பாண்டான் இலை ஒரு கட்டு இருப்பது மட்டும் கண்ணில் பட்டது.

"பாண்டான்," என்றார் கம்பீரமாக.

"அலமாக், என்னா மூக்கு," என்றான் சுகுமாறன்.

மஜீதா தட்டோடு வந்தாள். காருக்குள் தலையை நீட்டினாள். அவள் முகம் மலர்ந்தது. மீரா சாகிபு காத்திருந்தார். அவள் 'டீ ஆறுது' என்று சொல்லவில்லை.

"எவ்வளவு நல்லா மணக்குது. பாண்டானும் காப்பித்தூளும் சேர்ந்து, கல்யாண வீட்டுக் காலை மாதிரி இருக்கு," என்றாள்.

காப்பித்தூள். மீரா சாகிபுக்கு அந்தச் சொல் உறுத்தியது. காரில் காப்பித்தூளுக்கு என்ன வேலை? கையை நீட்டி இருக்கை பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். வெள்ளத்தில் மூழ்கிய காடியில் பெல்ட்டின் அடிநுனியில் சேற்றுக் கோடு இருக்கும். இதில் கோடு இல்லை. கோடு மட்டுமா, ஒரு சுருக்கம்கூட இல்லை.

"பாரும், புது பெல்ட்," என்று மகிழ்ந்தார் சோமசேகரம். "எவ்வளவு கவனமா வச்சிருந்திருக்காங்க."

பத்து வருடக் காருக்கு நான்கு பெல்ட்டும் புதிதாக எதற்கு மாற்ற வேண்டும்? ஆனால் சந்தேகம் சாட்சியாகாது. மீரா சாகிபின் முதுகில் வியர்வை வழிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நல்ல காராக இருந்தால் ஒரு மனிதனின் கடைசி ஆசையைக் கொன்ற பாவம். வாங்குங்கள் என்று சொல்லலாம். கெட்டதாக இருந்தால் அவன் சேமிப்பைக் கொன்ற பாவம்.

"சாப்பாடு ஆறுது. மொதல்ல சாப்பிடலாம்," என்றார்.

உள்ளே மஜீதா அப்பளம் பொரிக்கத் தொடங்கியிருந்தாள். எண்ணெயில் ஒவ்வொன்றும் சடசடவென்று விரிந்தது. மீரா சாகிபு அடுப்பருகில் நின்று அதையே பார்த்தார். மழை நாளில் அப்பளக் கட்டுகளை ஈரச் சுவரோரம் வைத்ததற்காக வாப்பாவிடம் அடிவாங்கியது நினைவுக்கு வந்தது. ஈரம் வந்தால் மனிதன் முகர்வதற்கு முன்னால் அப்பளத்துக்குத் தெரியும்.

இரண்டு தட்டுகளில் ஆறாறு அப்பளம் அடுக்கினார். ஒன்றை மெர்சிடிஸின் முன் இருக்கைக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினார். மற்றதை சோமசேகரத்தின் சாகாவில் அதே இடத்தில் வைத்தார். இரண்டும் ஒரே வெயிலில் நின்றன.

"என்ன நானா, பூசையா?" என்றான் சுகுமாறன்.

"எங்க வீட்டு வழக்கம். கார் சாவி ரெண்டும் மேசை மேல இருக்கட்டும்."

"அப்பளத்துக்கு எதுக்கு என் காடி?" என்றார் சோமசேகரம்.

"ஒண்ண மட்டும் அளந்தா அது அளவு இல்லைன்னு நீங்கதானே சார் சொல்வீங்க."

வடிகால் இலாகா மனிதருக்கு அது உடனே புரிந்தது. கை கழுவப் போனார்.

சாப்பாடு நடந்தது. சுகுமாறன் முதல் கவளத்தோடு நிறுத்தி, மோரைக் கேட்டான். பிறகு மீரா சாகிபைப் பார்த்தான். அவர் கறியை இரண்டாம் முறை வாங்கி, "பேஷ், மஜீதா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுகுமாறனின் முகத்தில் மெல்ல ஒரு தைரியம் பரவியது.

"நானா, அந்த அப்பளம் கிடக்கட்டும். மூக்கே நல்லதுன்னு சொல்லிருச்சே. டெப்பாசிட் எழுதிரலாமா?"

"ஒரு மணி நேரம் ஆகட்டும்."

சோமசேகரம் தலை நிமிராமல் சாப்பிட்டார். அவரும் இரண்டாம் முறை கறி வாங்கினார்.

ஒரு மணிக்கு நால்வரும் வெளியே வந்தார்கள். மீரா சாகிபு முதலில் சாகாவிலிருந்த தட்டை எடுத்தார். ஓர் அப்பளத்தை இரண்டு விரலால் அழுத்தினார். 'படக்' என்று உடைந்து துண்டுகள் தரையில் சிதறின. இருபது வருட சாகா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பது போலிருந்தது.

பிறகு மெர்சிடிஸின் தட்டு. மேலே இருந்ததை அவர் தூக்கினார். அது உடையவில்லை. வெற்றிலை போல இரண்டு பக்கமும் தொங்கியது. அதை அவர் நான்காக மடித்தார். கைக்குட்டையைப் போல மடிந்தது. மடித்ததை சோமசேகரத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

சோமசேகரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். முன்கம்பளத்தின் ஓரத்தைப் பிய்த்துத் தூக்கினார். காப்பித்தூள் கொட்டியது. அதன் கீழே இருந்த பஞ்சை அழுத்தியபோது விரல்களுக்கிடையே தண்ணீர் ஊறியது. உள்ளே, பக்கவாட்டுத் தகட்டில், மஞ்சளாக மெல்லிய ஒரு கோடு. எழுந்து போய்த் தன் சாகாவிலிருந்து அளவு நாடா எடுத்து வந்தார்.

"முப்பத்தொன்பது சென்டிமீட்டர்," என்றார். வண்டலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இது பெக்கோக் ஆத்து மண்ணு. இதுக்குள்ளதான் என் வாலிபம் போச்சு. அதையே எனக்கு விக்க வந்திருக்கியா, தம்பி?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். ஏலத்துல எடுத்தேன் லா."

"காப்பித்தூளும் ஏலத்துல வந்துச்சா?" என்றாள் மஜீதா.

சுகுமாறன் பாண்டான் கட்டை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, நான்கு ஜன்னல்களையும் திறந்துகொண்டு கிளம்பினான். புதிய இலை, வீணாக்குவானேன் என்று மஜீதா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சோமசேகரம் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளி நிறம் திருப்பத்தில் மறைந்தது. அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது. வண்டல் பட்ட விரலால் துடைத்ததில் கன்னத்திலும் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.

"நல்ல நிறம் சாகிபு," என்றார்.

"நல்ல நிறம்தான் சார்."

"உம்ம மூக்கு இல்லைன்னா நான் அழிஞ்சிருப்பேன்."

மீரா சாகிபு ஒரு கணம் அந்த வார்த்தையை வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். மூன்று வாரமாக அவர் ஏங்கிய வார்த்தை. ஆனால் கன்னத்தில் சேற்றோடு நிற்கும் மனிதரிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"சார், எனக்கு மூக்கே இல்ல. மூணு வாரமாச்சு. ஒண்ணும் தெரியல. பாண்டான் கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"சீரகம் ஒரு நாள் பழசானாக்கூட தட்ட நகத்திவைக்கிற ஆளு நீர். இன்னைக்கு அந்தக் கரிக்கட்டையை ரெண்டு தரம் வாங்கி, பேஷ்னு சொன்னீர். அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"நீங்களும் ரெண்டு தரம் வாங்குனீங்களே."

"உமக்குத் துணையா வாங்கினேன். நான் மட்டும் ஒதுக்கினா அவன் முன்னால உம்ம மானம் போயிருக்கும்." சோமசேகரம் செருப்பை மாட்டினார். "மூக்கு போன மனுஷன் எதுக்கு ரெண்டு தட்டு வைக்கிறான்னு யோசிச்சேன். ரெண்டு தட்டு வைக்கிறவன நம்பலாம்."

மீரா சாகிபு கையிலிருந்த மொறுமொறு அப்பளத் தட்டை நீட்டினார். சோமசேகரம் ஓர் அப்பளத்தை எடுத்துக் கடித்தார்.

"வர்ற சனிக்கிழமை யோங் பெங்ல ஒரு காடி இருக்காம். நீரும் வாரும். அப்பளம் எடுத்துக்கும். கறி வேண்டாம்."

"கேக்குது சார்," என்றது சமையலறைக் குரல்.

சாகா மூன்றாவது முயற்சியில் உயிர் பெற்று, இருமிக்கொண்டே தெருமுனையில் திரும்பியது. மீரா சாகிபு உள்ளே வந்து, மிச்ச அப்பளம் நமத்துப் போகாமலிருக்க அவசரமாகக் கதவைச் சாத்தினார்.