முப்பத்தாறு அம்புகளுக்குப் பிறகு தொழுத லுஹர்

ஆறு அம்புகளில் நான்கு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. இரண்டு பலகையிலேயே இல்லை. அதற்கு முந்திய முப்பது அம்புகளும் ஏறக்குறைய அப்படித்தான். யுத்தம் முடிந்து ஏழாம் வருடம், தேசிய வில்வித்தை அணிக்கான தெரிவுப் போட்டி. பாதிப் போட்டி முடிந்தபோது கடைசிக்கு முந்திய இடத்தில் நின்றேன்.

என் கையில் இருந்தது பாடசாலையின் வில். நான் படித்து முடித்துவிட்டேன். தெரிவாகாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று வாங்கித்தர உப்பளத்தில் வேலை செய்யும் வாப்பாவால் முடியாது.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து கரைத்தீவில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. போட்டிக்குப் புறப்படும் நாளில் உம்மாவின் நானா, என் மாமா, வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்.

"பொம்பளப் புள்ளைக்கு வில்லென்னத்துக்கு? மான் வேட்டைக்கா போறா? படைச்சவன் பொருந்த மாட்டான்."

"பலகைக்குத்தான் எய்றா மச்சான். ஒங்களுக்கு இல்ல, பயப்படாதீங்க" என்றார் வாப்பா.

அன்று சிரித்தேன். மைதானத்தில் சிரிப்பு வரவில்லை. மாமா சொன்னது உண்மையோ என்று முதன்முறையாகப் பயந்தேன்.

இடைவேளையில் வாப்பா கயிற்றுக்கு அப்பால் நின்றார்.

"கை வலிக்கிதா மகள்?"

"இல்ல வாப்பா. வில்லும் சரிதான். ஏனெண்டு விளங்கல்ல."

"லுஹர் ஆகிட்டு. தொழுதிட்டு வாங்க."

கூடாரத்துக்குப் பின்னால் அந்த நண்பகல் தொழுகையைத் தொழுதேன். நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதில் கெஞ்சவில்லை. நேராகவே கேட்டேன். யா அல்லாஹ், உனக்குப் பொருத்தமில்லை என்றால் இப்போதே என் கையை நிறுத்து. பொருத்தம் என்றால் பிழையைக் காட்டு. வேறு யாருடைய பதிலும் எனக்கு வேண்டாம்.

தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்க முகத்தைத் திருப்பினேன். இலக்குப் பலகைகளின் மேல் சிறு கொடிகள் தொங்கின. ஒன்றுகூட அசையவில்லை.

நான் கடலோடு சேர்ந்த களப்பின் ஓரத்தில் வில் பழகியவள். அங்கே சோளகக் காற்று அம்பை வலப்பக்கம் தள்ளும். அதனால் கொஞ்சம் இடப்பக்கம் வைத்தே எய்வோம். அதுவரை போன போட்டிகளும் கடலோரத்தில்தான். மரங்கள் சூழ்ந்த அந்த உள்நாட்டு மைதானத்தில், இல்லாத காற்றுக்கு என் கை இடம் விட்டுக்கொண்டிருந்தது.

மீதி அம்புகளை நேரே நடுவுக்கு எய்தேன். மாலையில் ஒட்டிய பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. அணிக்குள் போக அது போதும்.

அடுத்த வருடம் பதக்கத்தோடு வந்தேன். ஊரில் மேடை போட்டார்கள். மாமா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எங்கட புள்ள! நான் அப்பவே சொன்னேன்!"

ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். "ஓம், மாமா சொன்னார். படைச்சவன் பொருந்த மாட்டான் எண்டு சொன்னார். நான் படைச்சவனிட்டயே கேட்டுப் பாத்தேன்."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. மாமாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அல்ஹம்துலில்லாஹ். முன்பு தொழுகையை அவசரமாக முடிப்பேன். இப்போது அவசரமில்லை. ஐந்து பெண் பிள்ளைகள் என்னோடு வில் பழகுகிறார்கள். ஊரில் இன்னும் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். சகோதரிகளே, படைத்தவன் பெயரைச் சொல்லி யாராவது உங்களைத் தடுத்தால், அவர்களோடு வாதாடி நிற்காதீர்கள். முஸல்லாவை விரித்துத் தொழுது அவனிடமே கேளுங்கள். நான் கேட்டேன். காட்டினான்.