சூப்பில் கிடந்த முடி

அந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் சூப் ஊற்றுகிறவளுக்குச் சடைக்காரி என்று பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இடுப்பைத் தாண்டித் தொங்கிய பின்னலைப் பார்த்து மேனேஜரம்மா வைத்தது. சடை போய் மாசக்கணக்காகிறது. பேர் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

முதலில் காசளவுக்கு ஒரு சொட்டை. அப்புறம் கொத்துக்கொத்தாக உதிர்ந்து மொத்தமும் போய்விட்டது. டாக்டர் களிம்பு கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், போதாததற்குக் கவலைப்படாதீங்க என்று புத்திமதியும் கொடுத்தார். பெரிய மனுஷர், அவருக்கென்ன! ஆரம்பத்தில் சடைக்காரி அழுது தீர்த்தாள். இப்போது அழுகையும் வருவதில்லை. சாப்பிட்டால் சாப்பிட்டாள், படுத்தால் படுத்தாள், அவ்வளவுதான். டாக்டரை விட்டால் விஷயம் புருஷன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கேன்டீனில் காதை மூடுகிற தொப்பி கட்டாயம் என்பதால் வீட்டிலிருந்தே அதை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

அன்றைக்கு ஒரு நர்ஸ் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். சூப்பில் நீளமாக ஒரு முடி. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கவுண்டரில் நிற்கிற வேலை கிடையாது, பாத்திரம் கழுவத்தான் போகணும் என்று மேனேஜரம்மா ஏற்கெனவே எல்லாரையும் எச்சரித்திருந்தாள். இப்போது வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள்.

“இவ்ளோ நீளம் இங்க வேற யாருக்கு இருக்கு? வாயத் தெறந்து சொல்லு, சடைக்காரி! உன் முடிதானே?”

காய் நறுக்குகிறவளின் தொப்பிக்கு வெளியே ஒரு கற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

தொப்பியைக் கழற்றினால் போதும், அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? சடைக்காரியின் கை தொப்பிவரைக்கும் போனது. அதன் ஓரத்தை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“என்னோடதுதாங்க.”

“பின்ன? இதச் சொல்ல இவ்ளோ நேரமா? போ, பின்னாடி போ!”

சாயங்காலம்வரை அண்டா தேய்த்தாள். கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டில் சொன்னதும் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். “அட கிறுக்கு! தொப்பியக் கழட்டிக் காட்ட வேண்டியதுதானே? செய்யாத தப்புக்கு எதுக்குடி பாத்திரம் கழுவுற?”

அவள் ஊறி வெளுத்துப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் முடிதானேன்னு அத்தன பேர் முன்னாடி கேட்டாங்க. ஆமான்னேன்,” என்றாள். “எல்லாரும் நம்பிட்டாங்க.”