முனிராஜ் அண்ணன் விட்டுக்கொடுக்காத விலை

மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி இறங்கிக்கொண்டிருந்தபோது லட்சுமி அக்காவின் போன் வந்தது. "தம்பி, அவரு நம்மள உட்டுட்டுப் போயிட்டாரு" என்றார். அவர் கணவர் முனிராஜ் அண்ணனும் நானும் ஒன்றாக நின்று ஏலம் விட்டவர்கள். இப்படிப் பாதியில் விட்டுப் போய்விட்டாரே என்று எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது.

அண்ணன் தமிழிலும் கன்னடத்திலும் விலை கூவினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். கழுத்தில் ஒரு பக்கம் நரம்பு புடைத்து நிற்கும். "கத்திக் கத்தியே வீங்கிடுச்சுங்கண்ணா" என்று கேலி செய்வோம். குனிந்தால் தலை வெடிக்கிறது, காதுக்குள் இரைகிறது என்று அவர் சொன்னபோதும் நாங்கள் தொழிலைத்தான் குறை சொன்னோம்.

பெங்களூரில் ஸ்கேன் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூளையின் உறையில் முளைத்த கட்டி, மூளையிலிருந்து ரத்தம் வடியும் பெரிய குழாய்க்குள் புகுந்து, கழுத்து ரத்தநாளம் வரை இறங்கியிருந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் முழுதாக எடுக்கப் போனால் பக்கத்தில் ஓடும் குரல் நரம்பு கெட்டுக் குரல் போகலாம், விட்டுவைத்தால் வளரும் என்றார் டாக்டர். குரல்தான் அவர் பிழைப்பு. "முடிஞ்ச வரைக்கும் எடுத்துருங்க சார். ஆளு இருந்தாத்தானே கொரலு" என்றார் அண்ணன்.

ஆபரேஷனில் குரல் போயிற்று, வெறும் காற்றுதான் வந்தது. உடம்பு தேறியதும் மண்டிக்கு வந்துவிட்டார். வியாபாரிகள் சிலருக்கு உள்ளூர மகிழ்ச்சி. மாட்டுச் சந்தையைப் போலத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொள்ளலாம், அண்ணனுக்கும் சிரமம் இல்லை என்றார்கள். ஒருவர் துண்டையும் விரித்துவிட்டார். அண்ணன் அதைப் பிடுங்கி, விரித்தவர் தோளிலேயே போட்டார். பிறகு என் காதருகே வந்து, "வெள்ளாம வச்சவன் காதுல வெல வுழணும். நான் சொல்றேன், நீ கத்து" என்றார். அன்றிலிருந்து அவர் முணுமுணுக்க நான் கூவினேன். தொண்டை வறண்டு சத்தம் குறைந்தால் என் காலை மிதிப்பார்.

எடுக்க முடியாமல் விட்ட துணுக்கு மூளைப் பக்கமாக மறுபடி வளர்ந்தது. இனி ஆபரேஷன் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியாகப் பார்க்கப் போனபோது அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இன்னிக்கி எவனாச்சும் துண்டு போட்டானா?" என்றார். இல்லை என்றேன். "நாளைக்குப் போடுவான். உட்டுறாத."

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று காலையே ஒருவர் துண்டை விரித்தார். எனக்கு அழ நேரமில்லை, கூவ வேண்டியிருந்தது. அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பிடிவாதம் ஒன்றைத்தான். மண்டி நண்பர்களே, அதை ஏலம் விடுவதாக இல்லை.